மூடியின் மேல் உட்கார்ந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவள்ளூரில் ஒரு ஐப்பசி மழை நாளில், நடக்காத ஒரு தேர்வில் பத்தொன்பது பேர் தேர்ச்சி பெற்றதாக நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. மழை விடாமல் பெய்தது, எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் அவரவர் வளாகத்துக்குள்ளேயே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றை இயக்குபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தரும் ஓர் அமைப்புக்காகப் பாடம் எடுத்துவந்தேன். முதல் நாள் வகுப்பு. இரண்டாம் நாள் ஒரு நிலையத்துக்கு அழைத்துப் போய்ச் செய்முறை. தொட்டிக்குள் நச்சு வாயு இருக்கிறதா என்று மீட்டரால் பார்ப்பதுதான் அதில் முக்கியம்.

அன்று எங்களை அழைத்துப் போக வேண்டிய வேன் வரவில்லை. மதியம் வரை காத்திருந்தோம். ஏற்பாட்டாளர் தேர்ச்சிப் பட்டியலை என் முன்னால் வைத்தார்.

"எல்லாரும் ஊத்துக்கோட்டை, ஆர்.கே.பேட்டைன்னு பஸ் புடிச்சுப் போவணும் சார். டிக் பண்ணிடுங்க, அப்பால பாத்துக்கலாம்."

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெல் பயிரிடும் குடும்பம், ஊத்துக்கோட்டைப் பக்கம்.

"சார், அந்த மீட்டரை ஒரு தபா கையில குடுத்துக் காட்டுவீங்களா? படத்துலதான் பாத்தோம்."

"வேலைக்குப் போனா தானா வந்துடும்மா" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பத்தொன்பது பெயர்களுக்கும் எதிரே 'செய்முறை: தேர்ச்சி' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதன்பிறகு அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

அடுத்த பங்குனியில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தொழிலாளர் விடுதிக்குப் போயிருந்தேன். என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே வேலை செய்வதாகச் சொல்லி, இன்னும் சிலரை அனுப்புவது பற்றிப் பேச அதன் மேலாளர் கூப்பிட்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடிவந்து, கழிவுநீர் வந்து சேரும் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது, கீழ்த்தளக் குளியலறைகளில் தண்ணீர் எதிர்த்து வருகிறது என்றார். மேலாளர் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன்.

தொட்டியின் இரும்பு மூடி மேல், புடவையைச் செருகிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், திருவள்ளூர் வகுப்பில் மீட்டரைக் கேட்ட அந்தப் பெண். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

எதிரே இரண்டு ஒப்பந்தக் கூலியாட்கள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஆரணிப் பக்கத்து ஆட்கள்.

"எழுந்துருக்கா, அஞ்சு நிமிஷ வேல. எறங்கனா புடுங்கிக்கினு வந்துடுவோம்" என்றார் ஒருவர்.

"உடு நைனா, அக்காவத் தூக்கணும்னா கிரேன்தான் வரணும்" என்றார் மற்றவர்.

"சிரிங்க, சிரிங்க. மேல நின்னுக்கினு எவ்ளோ வேணா சிரிங்க" என்றார் அந்தப் பெண். மூடியை விட்டு நகரவில்லை.

அந்த விடுதியில் ஒரு முறை இருந்தது. தொட்டிக்குள் யாராவது இறங்க வேண்டுமானால், சான்றிதழ் பெற்றவர் உள்ளே இருக்கும் காற்றைச் சோதித்து, அனுமதித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆள் இறங்கலாம். அங்கே சான்றிதழ் வைத்திருந்தது அந்தப் பெண்தான், அவர் போட மறுத்துவிட்டார்.

"இன்னாமா பேஜாரு பண்ற? முந்நூறு பேரு ஷிப்ட்டு முடிஞ்சு வரப் போறாங்க. மீட்டரு அங்கதான இருக்குது, பாத்துட்டுக் கையெழுத்துப் போடு" என்றார் மேலாளர்.

"எனக்கு மீட்டரு பாக்கத் தெரியாது சார்."

"சர்டிபிகேட்டு வச்சிருக்கியே."

"வச்சிருக்கறேன். அதுக்குன்னு தெரிஞ்சிடுமா? நான் கையெழுத்துப் போட்டா இவங்க நம்பி எறங்குவாங்க."

கூலியாள் குறுக்கே வந்தார். "காலையில தொறந்து வச்சிருந்தப்ப ஒரே கப்பு. அப்பறம் குனிஞ்சு பாத்தேன், நாத்தமே இல்ல. எல்லாம் போயிடுச்சு சார்."

"அதாண்டா எனக்கு பயம்" என்றார் அந்தப் பெண். "நாத்தம் நின்னுதுன்னா நல்லதுன்னு நெனைக்காதீங்க, மூக்கு மரத்துப் போச்சுன்னு நெனைங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க. அதான் மூடிட்டு உக்காந்துகினேன்."

மேலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "கையெழுத்துப் போட முடியாதுன்னா நாளைக்கு நீ வர வேணாம். வேற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. இதோ உனக்குப் பாடம் எடுத்தவரே நிக்கிறாரு. அவரையே கேக்கறேன். நீங்க சொல்லுங்க சார், இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா இல்லியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் பார்க்கவில்லை.

"அவர ஏன் சார் இதுல இழுக்கறீங்க? எனக்குத் தெரியாது, அவ்ளோதான். வேலைய விட்டுத் தூக்கறதுனா தூக்குங்க."

வேலை போனால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, எழுபது வயதுக்காரனான எனக்கு வராத துணிச்சல் அவருக்கு இருந்தது. அதற்கும் மேலே, என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு மனுஷி முன்னால் அதுவரை நான் நின்றதில்லை.

மேலாளரிடம் சொன்னேன். "அவங்க சொல்றது நிஜம். செய்முறை நடக்கவே இல்ல. நடந்ததா நான்தான் பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்."

மீட்டரை வாங்கி இயங்குகிறதா என்று பார்த்தேன். கயிற்றில் கட்டினேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மூடியைக் கொஞ்சமாக நகர்த்தி, காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு உள்ளே இறக்கினேன். ஒரு முழம் போவதற்குள் அலறத் தொடங்கியது. மேலே இழுத்து எண்ணைப் பார்த்தேன். ஏணியில் பாதி இறங்குவதற்குள் மயங்கி விழ வைக்கும் அளவு. முதலாமவர் விழுந்தால், தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். இந்த வேலையில் எப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

சற்று முன் கேலி பேசிய இருவரும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து, தொட்டி வாய்க்கு மேல் நிறுத்தும் மூன்று கால் இரும்புச் சட்டமும் சங்கிலிக் கப்பியும் வந்தன. மோட்டாரோடு சேர்ந்த சங்கிலி தொட்டியின் வாய் வரைக்கும் இருந்தது. ஆள் இறங்காமலே மேலே இழுத்தோம். மோட்டாரில் ஒரு பழைய துண்டு சுற்றியிருந்தது. அந்தப் பெண்ணின் வேலை போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி அமைப்புக்கு உண்மையை எழுதினேன். என்னை நீக்கினார்கள், அது நியாயம். பத்தொன்பது சான்றிதழ்களையும் ரத்து செய்தார்கள். அதில் சிலருக்கு வேலை போயிற்று. ஒருவர் போனில் கேட்டார்: "ஒங்க மனசாட்சிக்குக் கெடச்சது என் பொழப்பா சார்?"

அந்த விடுதியில் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்முறை சொல்லிக்கொடுத்தேன். பதினொரு பேர் வந்தார்கள். மறுதேர்வை வேறொரு பயிற்சியாளர் நடத்தினார், நான் ஓரமாக நின்றேன். அந்தப் பெண் மீட்டரை இறக்கினார். அதில் எண் நிலையாக நிற்கும் வரை பொறுக்காமல் தூக்கிவிட்டார். தேர்ச்சி இல்லை என்று எழுதினார்கள். நான் தவித்துப்போய் அருகில் போனேன்.

"உடுங்க சார். தப்பாத்தான பண்ணேன்? சரியா வர்ற வரைக்கும் பாஸு போடக் கூடாது" என்றார்.

இரண்டு வாரம் கழித்துச் சரியாகச் செய்தார், தேறினார்.

மீதி எட்டுப் பேரின் வீடுகளுக்கும் போய்வந்தேன். மூன்று பேர் பேசவே மறுத்துவிட்டார்கள், ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் எங்கு வேலை செய்தாலும், தனக்குத் தெரியாது என்று சொல்லும் அந்தப் பெண்ணின் தைரியம் அவர்களுக்கும் வாய்க்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் கையெழுத்து அவர்களுக்குக் கொடுக்காத பாதுகாப்பை வேறு எது கொடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.