திருமதி ஏ என்பவர் ஆனிதான்

ஏழாவது கோப்பின் இரண்டாம் பக்கத்தில் ஆனி தன்னையே கண்டாள்.

பெயர் போட்டிருக்கவில்லை. ‘திருமதி ஏ, ஐம்பத்தொரு வயது, இந்தியப் பெண், மார்பகப் புற்றுநோய்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அப்படி எத்தனையோ பேர் இந்த ஊரில் இருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வரியில் அவள் குடியிருக்கும் மார்சிலிங் வந்தது. அதற்கடுத்து கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் கணவர் வந்தார், பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரே மகள் வந்தாள். வார்டில் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த செபமாலைகூட வந்துவிட்டது. அப்புறம் வந்தவைதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டன. மத நம்பிக்கை காரணமாக மருந்தை மறுத்தவர். செபத்தால் குணமாகும் என்று நம்பியவர். ஆங்கில அறிவு குறைவு. நோயை ஏற்றுக்கொள்ளாத மனநிலை.

ஆங்கில அறிவு குறைந்த அந்தப் பெண் அத்தனையையும் ஆங்கிலத்திலேயே இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு மகளின் பழைய மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். பக்கத்து நாற்காலியில் ஒரு வாடிக்கையாளருக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்த முனீரா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் ஆனி. நடுவர்கள் படித்ததை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

நடுவர் வேலை அவள் கேட்டு வந்ததல்ல. புற்றுநோயாளிகளின் மனத்தையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்கிறவர்களுக்கு, சமூகப் பணியாளர்கள், தாதியர், மனநல ஆலோசகர்கள் என்று தேர்ந்தெடுத்து, ஓர் அமைப்பு ஆண்டுதோறும் விருது கொடுத்துவந்தது. அந்த ஆண்டு நடுவர் குழுவில் ‘நோயாளியின் குரல்’ என்று ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. நோயிலிருந்து மீண்டவர்களின் சங்கம் ஆனியின் பெயரைக் கொடுத்தது. ஆறு பேர் கொண்ட குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது. இலையில் ஊறுகாய் வைத்த மாதிரிதான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். வைத்தது வைத்தார்கள், ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று பரிந்துரையாக வந்த பதினொரு கோப்புகளையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியிலிருந்து இருபத்து நான்கு வயதில் இயேசுதாசனைக் கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் ஆனி. வந்த இரண்டாம் ஆண்டே தேக்கா கடைத்தெருவில் ஓர் அழகு நிலையத்தில் புருவம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு பகுதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, ஒரு முடியைக்கூடத் தவறவிடாமல் இழுத்து எடுக்கும் வேலை. கண் பார்ப்பது பாதி, விரல் உணர்வது பாதி. பத்தாண்டு அங்கே வேலை பார்த்துவிட்டு, முனீராவோடு சேர்ந்து டன்லப் ஸ்திரீட்டில் சொந்தமாக இரண்டு நாற்காலி போட்டாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் படிக்கட்டு வரை பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கல்யாணப் பெண்கள் ஆனிதான் வேண்டும் என்று மாதம் முன்பே சொல்லிவைப்பார்கள்.

மூன்று ஆண்டுக்கு முன் நோய் வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, வாரம் ஒரு முறை என்று பன்னிரண்டு வாரத்துக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றிக்கொண்டாள். முடி போனது, தன் புருவமும் போனது, பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். ஐந்தாம் வாரத்தில் விரல் நுனிகள் மரத்தன. ஏழாம் வாரத்தில் கையில் நூல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உடம்பு தாங்குகிற நாள்களில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அந்த வாரம் ஒரு பெண்ணின் இடது புருவத்தில் பாதியை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எட்டாம் வாரமும் ஒன்பதாம் வாரமும் ஆனி மருத்துவமனைக்குப் போகவில்லை.

காரணத்தை அவள் மறைக்கவும் இல்லை. தொலைபேசியில் அழைத்தவரிடம் சொன்னாள், பத்தாம் வாரம் அவர்கள் வற்புறுத்தி வார்டுக்குப் போனபோது மருந்து ஏற்றும் தாதியிடம் சொன்னாள், சுற்றி வந்த இளம் டாக்டரிடம் சொன்னாள். கை மரப்பது சகஜம், மருந்து முடிந்ததும் சரியாகும், உயிர் முக்கியமா கை முக்கியமா என்றார்கள். நான்காவதாக வந்தவள்தான் சிவானி. முப்பது வயதுகூட ஆகாத சமூகப் பணியாளர். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேறு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“ஆன்டி, நீங்க என்ன வேலை செய்றீங்க?”

ஆனி சொன்னாள். சிவானி ஒரு நூலை வாங்கி, எப்படிச் செய்வீர்கள் என்று காட்டச் சொன்னாள். காட்ட முடியவில்லை. நூல் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. அன்று மாலையே சிவானி அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போய், இவருக்கு விரல்தான் பிழைப்பு என்றாள். டாக்டர் மருந்தை மாற்றினார். ஆனி மிச்சத்தையும் ஏற்றிக்கொண்டாள். உணர்வு முக்கால்வாசி திரும்பியது, வலது சுட்டுவிரல் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் மரப்புதான்.

இதில் ஒரு வரிகூட ஏழாவது கோப்பில் இல்லை. திருமதி ஏயின் மூடநம்பிக்கையைப் பரிந்துரைக்கப்பட்டவர் ஐந்து படிநிலை உரையாடலால் மென்மையாக அகற்றி, அறிவியலையும் ஆன்மிகத்தையும் சமரசப்படுத்தினார் என்று இருந்தது. படிநிலைகளுக்கு அம்புக்குறி போட்ட படமும் இருந்தது. பரிந்துரைக்கப்பட்டவர் சிவானி, எழுதியவர் அவளுடைய துறைத் தலைவர்.

வியாழக்கிழமை நடுவர் கூட்டம். குழுத் தலைவர் டாக்டர் பிரபாகர், ஓய்வு பெற்ற மனநல நிபுணர், சென்னையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் ஆறு கோப்புகள் நல்லபடியாகவே போயின. ஏழாவது வந்ததும் ஒரு நடுவர், கலாசாரத் தடையை இவ்வளவு அழகாகக் கடந்த எடுத்துக்காட்டைத் தான் பார்த்ததில்லை என்றார். இன்னொருவர் தலையாட்டினார். ஆனி கையைத் தூக்கி, அந்தத் திருமதி ஏ நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எழுதியிருப்பது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

டாக்டர் பிரபாகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தமிழுக்கு மாறினார்.

“அம்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. இதெல்லாம் ஒரு புரொஃபஷனல் லாங்வேஜ். இந்தக் கோப்புக்கு மட்டும் நீங்க கொஞ்சம் வெளிய உட்கார்ந்துக்கலாம்.”

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அந்த ‘அம்மா’வில்தான் மூக்குக்கு மேல் ஏறியது. இவ்வளவு நேரம் எல்லாரிடமும் ஆங்கிலத்தில் பேசியவர், தன்னிடம் மட்டும் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் தமிழுக்கு வருகிறாரே என்று இருந்தது. அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். இலக்கணம் முன்னே பின்னே இருந்திருக்கும், ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. மதிப்பெண் போட மாட்டேன், அது சரி, நான் சம்பந்தப்பட்டவள். ஆனால் வெளியே போக மாட்டேன். என்னைப் பற்றி நான் இல்லாத இடத்தில் எழுதினீர்கள், நான் இல்லாத இடத்தில் பேசவும் வேண்டுமா? என் கை மரத்துப்போனதால்தான் நான் வரவில்லை. மாதாவுக்கும் என் மருந்துக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு விருது கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். என் வேலை என்னவென்று கேட்டாளே, அதற்குக் கொடுங்கள். இந்தத் தாளுக்குக் கொடுக்காதீர்கள்.

அரை மணி நேரம் விவாதித்தார்கள். நோயாளியின் கதையை எழுத நோயாளியின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருப்பதை ஒருவர் எடுத்துக் காட்டினார். ஆனியிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. எனவே ஏழாவது கோப்பு போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. கதையைத் திருத்தச் சொல்லலாமே என்று ஆனி கேட்டாள். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். விருது கிழக்குப் பக்கத்து மருத்துவமனைத் தாதி ஒருவருக்குப் போனது. தகுதியானவர்தான், ஆனியே அவருக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தாள்.

வீட்டில் இயேசுதாசனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. எதற்கு வம்பு, பிழைத்ததே பெரிது என்றார். அவருக்கும் அன்று கிடைத்தது.

பத்து நாள் கழித்துத் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்றார். இருந்தால் என்ற சொல்லை ஆனி கவனித்தாள். புண்பட்டுத்தான் இருக்கிறது, மேலே சொல்லுங்கள் என்றாள்.

சிவானி வந்தது அதற்கும் பிறகுதான், ஒரு சனிக்கிழமை மதியம், கடைக்கே வந்தாள். முனீரா காப்பி வாங்கி வருகிறேன் என்று தானாகவே வெளியே போனாள். தன்னால் போன விருதுக்காக இந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆனி நினைத்துவைத்திருந்தாள். அதற்குள் சிவானி முந்திக்கொண்டாள்.

“ஆன்டி, அந்த நாமினேஷன அனுப்புறதுக்கு முன்னாடி நான் படிச்சேன். கீழ சைன் பண்ணதும் நான்தான்.”

ஆனிக்கு ஒரு கணம் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. இவளுக்காக அல்லவா அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் நின்றாள்? தப்பு என்று தெரிந்துமா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டாள். சிவானி ஆமென்று தலையை அசைத்தாள். துறைத் தலைவர் சொன்னால் மறுத்துப் பேச முடியவில்லை, விருது வந்தால் பதவி உயர்வுக்கு உதவும் என்றும் நினைத்தேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு, அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். ஆனி எட்டாம் வாரம் வராதபோது, தொலைபேசியில் பேசிய யாரோ மருத்துவமனைப் பதிவேட்டில் ‘மத காரணங்களுக்காகச் சிகிச்சை மறுப்பு’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். தான் பின்னால் எழுதிய உண்மைக் குறிப்பு நாலு பக்கம் தள்ளிக் கிடக்கிறது. அந்த முதல் வரி இன்னும் மேலேயே இருக்கிறது. தலைவர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

“இன்னும் இருக்கா?”

“இருக்கு ஆன்டி. உங்க ஃபைல திறந்தா முதல்ல அதான் தெரியும்.”

மூன்று ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறாள் ஆனி. ஒவ்வொரு முறையும் புதுப்புது டாக்டர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில், சிரித்துக்கொண்டே, செபம் நல்லதுதான், மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பார்கள். இவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சுதான் போலிருக்கிறது என்று அவளும் சிரித்து வைத்துவிட்டு வருவாள். ஒரு நாள்கூட மாத்திரை தவறியதில்லை அவளுக்கு. அந்தச் சிரிப்புகளின் பொருள் இப்போதுதான் விளங்கியது.

“என்கிட்ட நீ அப்பவே சொல்லியிருக்கணும்,” என்றாள். “இந்த விருதெல்லாம் கெடக்கட்டும் லா. மூணு வருஷமா ஒவ்வொருத்தரும் என்ன அப்படிப் பாத்திருக்காங்க.”

“நீங்க மீட்டிங்ல செஞ்சது சரிதான். ஆனா எனக்கும் உங்க மேல கோவம் இருக்கு ஆன்டி. அந்த விருது என் ரெண்டு வருஷ வேலைக்கு.”

“இருக்கட்டும். எனக்கும் இருக்கு.”

முனீரா காப்பியோடு வந்தாள். காப்பியைக் குடித்தார்கள். போகும்போது சிவானி ஒரு தாளில் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தலைப்பில் எழுதினால் பதிவைத் திருத்துவார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனி எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். பழைய குறிப்பை அழிக்க இயலாது என்று பதில் வந்தது. அழிக்க வேண்டாம், அதற்கு மேலே உண்மையைப் போடுங்கள் என்று மூன்றாம் முறை எழுதி, மகள் கேட்லினையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய் முகப்பில் உட்கார்ந்தாள். மகள் பேசவா என்று கேட்டதற்கு, நீ சும்மா இரு, நான் பேசுவேன் என்றாள். நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் கோப்பின் தலைப்பில் ஒரு திருத்தம் ஏறியது: கைவிரல் மரப்பினால் சிகிச்சை இடைநின்றது, மருந்து மாற்றியபின் முழுமையாக முடித்தார், தொழில், புருவம் திருத்துபவர்.

அடுத்த பரிசோதனையில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். திரையைப் படித்தார். கையை நீட்டச் சொல்லி ஒவ்வொரு விரல் நுனியாக ஊசிமுனையால் மெல்லத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். இதை மூன்று ஆண்டுக்கு முன்பே செய்திருக்கலாமே என்று ஆனிக்குத் தொண்டை வரை வந்தது. அந்தப் பெண்மீது தப்பில்லை என்று அடக்கிக்கொண்டு, சுட்டுவிரல் மட்டும் தெரியவில்லை என்றாள்.

மறு ஆண்டு நடுவர் குழுவுக்கு அவளை அழைக்கவில்லை.