ஜாடியில் கலந்த சர்க்கரை

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லாரும் மீடியாக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு தயாரிப்பவர். அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் மீடியா. உப்பும் சர்க்கரையும் அளந்து கரைத்து, குடுவைகளில் ஊற்றிப் பஞ்சு அடைத்து, ஆட்டோக்ளேவ் என்ற பெரிய நீராவிக் குக்கரில் வேக வைத்து இறக்க வேண்டும். வேலை முடிந்து வரும் குடுவைகளை அதே ஆட்டோக்ளேவில் போட்டு, உள்ளே இருக்கும் உயிரைக் கொன்று கழுவ வேண்டும். இருபத்தாறு வருஷமாக ஊட்டியதும் அவர்தான், கொன்றதும் அவர்தான். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நான் அந்த அறையில் பத்து நிமிஷம் நின்றாலே சட்டை நனைந்துவிடும்.

வீட்டிலும் அடுப்புதான். முப்பது வயதில் ஒரு மகன். வேலை தேடுகிறான் என்பார். எங்கே தேடுகிறான், கட்டிலுக்கு அடியிலா என்று கேட்டால், முழங்காலைத் தேய்த்துக்கொள்வார். மூன்று வேளைக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் காலையில் பஸ் பிடிப்பார். ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் மகன் ஒரு வழிக்கு வந்துவிடுவான் என்று நம்பினார். பேராசிரியரின் கையெழுத்துதான் பாக்கி.

அந்த வாரம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, தட்டு நிறையக் குடுவைகளையும் ஃப்ரீசரில் வைத்திருந்த குழாய்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷமாக அவள் வளர்த்த பாக்டீரியா. கண் வீங்கியிருந்தது. எல்லாம் கெட்டுப்போச்சு, கொன்றுவிடுங்கள் என்றாள். பால் சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் கொடுத்தால் வளர்ச்சிக் கோடு நிற்காமல் ஏற வேண்டுமாம். மூன்று தடவையும் பாதியில் படுத்து, பிறகுதான் மறுபடி ஏறியதாம். வரைபடத்தையும் தட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மீடியாக்கா ஆட்டோக்ளேவின் மூடியைத் திறந்தார். வரைபடத்தை ஓரமாக எடுத்து வைக்கப் போனவர், அதைப் பார்த்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கோடு அவருக்குப் பழக்கம். வருஷா வருஷம் முதலாண்டு வகுப்புக்கு குளுக்கோஸ், லாக்டோஸ் என்று இரண்டு சர்க்கரையும் சேர்த்து அவரே கரைத்துக் கொடுப்பார். பாக்டீரியா சுலபமான குளுக்கோஸை முதலில் தின்னும். அது இருக்கும்வரை, லாக்டோஸை உடைக்கும் நொதிக்கான ஜீனை மூடியே வைத்திருக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் ஒரு மணி நேரம்போல வளர்ச்சி நின்றுவிடும். பிறகு ஜீன் திறந்து, நொதி உருவாகி, கோடு மறுபடி ஏறும். ஆக, பாக்டீரியாவுக்கு ஒரு குறையும் இல்லை. லாக்டோஸில்தான் குளுக்கோஸ் கலந்திருக்கிறது.

கலந்தது யார் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டோரிலிருந்து சாமான் வர மாதக்கணக்காகும். அதனால் அரை ஜாடிகளை ஒன்றாகக் கொட்டிச் சேர்த்து வைப்பது அந்த அறையின் வழக்கம். எல்லாம் வெள்ளைப் பொடி. நீராவியில் லேபிள் எழுத்து அழிந்திருக்கும். போன மாதம் முழங்கால் வலியோடு அப்படி ஒரு ஜாடியை நிரப்பியிருந்தார்.

ஸ்விட்சைப் போட்டால் இருபது நிமிஷத்தில் சாட்சியே இருக்காது. நீட்டிப்பும் கிடைத்துவிடும்.

“சும்மா இருந்திடலாம்னுதான் தோணுச்சு, தம்பி,” என்று பின்னால் என்னிடம் சொன்னார். “ஆனா அந்தப் பொண்ணோட ரெண்டு வருஷத்த என் கையால வேக வைக்க முடியல.”

தட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். ஜாடியைச் சோதித்ததில் அதுவே உறுதியானது. யாரும் திட்டவில்லை. நீட்டிப்புக் கடிதம் மட்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீடியாக்கா அவளிடம் ஒன்றுதான் கேட்டார்.

“கோடு படுத்திருக்கிற நேரத்துல அதுங்க என்னம்மா பண்ணும்?”

“பாக்க சும்மா இருக்கிற மாதிரிதான்க்கா இருக்கும். உள்ள அடுத்ததுக்குத் தயாராகும்.”

“குடுத்து வச்சதுங்க,” என்றார் மீடியாக்கா.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். நடுப்பகல். கட்டிலில் படுத்திருந்தார். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. மகன் வந்து சாப்பாடு எங்கே என்று கேட்டான். இன்றைக்குச் சமைக்கவில்லை என்றார். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். ஏதாவது வாங்கி வரட்டுமா என்று நான் எழுந்தேன். மீடியாக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இரு தம்பி. ஒரு மணி நேரம் ஆகும்.”

ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. பிறகு சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“அம்மா, இதுல உப்பு எது, சக்கரை எது?”

“வாயில வச்சுப் பாரு,” என்று சொல்லிவிட்டு, மீடியாக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.