கழுவிக் கவிழ்த்த டியூப்கள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் ஃபிரிட்ஜ் பளபளவென்று இருந்தது. கதவில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். உள்ளே ஒன்றும் இல்லை. டியூப்களெல்லாம் கழுவப்பட்டு மேஜையில் துணி விரித்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

அவற்றில்தான் என் மனைவியின் பாக்டீரியா இருந்தது. அவள் அங்கே விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தாள். ஆரணியில் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் சேற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தாள். பட்டு நூலுக்கு ஏற்றும் சிவப்புச் சாயத்தில் விட்டால், இரண்டு நாளில் நிறம் வெளுத்து நீர்மோர் போலாகிவிடும். மாதம் தவறாமல் புது டியூபுக்கு மாற்றி மூன்று வருடம் உயிரோடு வைத்திருந்தாள். கடைசிச் சோதனைகள் மட்டும் பாக்கி.

ஆய்வக உதவியாளர் கேட்காமலே சொன்னார். "நாந்தாங்க மேடம் கழுவுனேன். எல்லாத்தையும் தொடச்சிகினு வந்தேன், உள்ள பூசணம் புடிச்சாப்ல இருந்துச்சி. பூஜையும் அதுவுமா எப்டிங்க வுடுறது? குக்கர்ல நல்லா வேக வெச்சிட்டுத்தான் கழுவுனேன்."

கிருமி சாகும்படி வேகவைத்த பிறகே கழுவ வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

கால்வாய் எங்கேயும் ஓடிவிடாது, இன்னொரு வாளி அள்ளினால் ஆயிற்று என்றார் சக ஆசிரியர் ஒருவர்.

அவளுக்கு வேறொரு நம்பிக்கை இருந்தது. முந்தைய வருடம், அது என்ன இனம் என்று அறிய, வடக்கே உள்ள ஓர் அரசு நுண்ணுயிர்க் காப்பகத்துக்கு ஒரு டியூப் அனுப்பியிருந்தாள். அங்கே இனம் மட்டும் கண்டு சொல்லும்படி கேட்கலாம். சேமிப்பில் வைக்கவும் கேட்கலாம். சேமிப்பில் வைத்தால் எண் கொடுத்து, உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பின்னால் கேட்கும் ஆய்வாளர்களுக்கும் கொடுப்பார்கள். பட்டம் வரும்வரை அது வேண்டாம், வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் தடுத்திருந்தார். அவளும் இனம் மட்டும் கேட்டிருந்தாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினோம். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகத் தேடினார். சேமிப்புக்கென்று வராதவற்றை முடிவு அனுப்பியதும் அழித்துவிடுவது வழக்கம் என்றார். அதே இனத்தில் வேறொன்று இருப்பதாகவும் சொன்னார். அதை வரவழைத்தாள். பெயர் அதேதான். ஆனால் அதை விட்ட சாயம் சிவப்பாகவே இருந்தது.

மறுபடி கால்வாய்க்குப் போனாள். "இன்னாம்மா, திரும்பவும் சேறா? சொல்லி அனுப்பியிருந்தா மூட்டை கட்டி வெச்சிருப்பேனே" என்றார் பட்டறைக்காரர். ஐப்பசி மழை பழைய சேற்றை அடித்துக்கொண்டு போயிருந்தது. பல மாதம் அள்ளியதில் ஒன்றே ஒன்று தேறியது. ஒரு வாரம் விட்டாலும் அது சிவப்பை ரோஜா நிறத்துக்குத்தான் கொண்டுவந்தது. பழைய அளவீடுகளோடு அதைச் சேர்த்து எழுத வழியில்லை.

"செத்ததுகூடப் பரவால்லங்க" என்றாள் ஒருநாள். "அது இருந்துச்சின்னு காட்ட ஒண்ணுமே இல்ல பாருங்க."

பதிவுக்காலம் முடிந்தது. நீட்டிப்புக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. கால்வாயில் இரண்டாவதாகத் தேறியதை மட்டும் காப்பகத்தின் சேமிப்புக்கு அனுப்பி வைத்தாள்.

சில வருடம் கழித்து, கருத்தரங்கில் அவள் வாசித்த கட்டுரையைப் பார்த்துவிட்டு, வேறு மாவட்டத்து ஆய்வு மாணவி ஒருத்தி மின்னஞ்சலில் முதல் பாக்டீரியாவைக் கேட்டாள். அவர்கள் ஊரில் சாயத் தண்ணீர் கிணறுகளில் இறங்கிவிட்டதாம். அது இப்போது எங்கும் இல்லை என்று என் மனைவி எழுதினாள். இரண்டாவதன் காப்பக எண்ணையும், அது அவ்வளவு வேலை செய்யாது என்பதையும் சேர்த்து எழுதினாள். பதில் வரவில்லை.