கனடாவில் இருப்பவன்

யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக் வாசலில் என் பக்கத்தில் இருந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. மெலிந்த, நெட்டையான வயோதிபர். யாரைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். கமரா பிடித்த காலத்துப் பழக்கம் என்றார். இளவயதில் காங்கேசன்துறையில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்தவராம். படச்சுருள் போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்துபோனது.

கைபேசியில் இருந்த ஏஐயிடம் அவர் வாயால் கேள்வி கேட்டார். பதிலின் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாததால் என்னிடம் நீட்டினார். எட்டு மில்லிமீற்றர் கமராக்களைப் பற்றி அது சொன்னதை வாசித்தேன். ஒரு சுருள் மூன்று நிமிடம்தான் ஓடும் என்றபோது, "ஓம், சரியாச் சொல்லுது" என்று தலையாட்டினார். பிறகு தங்கள் படத்தையும் அதில் நடித்த நண்பனையும் பெயர் சொல்லிக் கேட்டார்.

"படத்தைக் கனபேர் பாராட்டினவையாம் ஐயா. உங்கடை நண்பர் இப்ப கனடாவிலை நாடகம் பழக்கிறாராம்" என்று பதிலை வாசித்துச் சொன்னேன் சந்தோஷமாக.

அவர் இடது கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார்.

"படத்தை எங்களைத் தவிர ஒருத்தரும் பாக்கேல்லை, பிள்ளை. அவனைச் செல் குண்டு விழுந்து செத்த அண்டைக்கே தாட்டனாங்கள். கிடங்கு வெட்டினது நான்."

"தெரியாட்டி உது இப்பிடித்தான் புளுகும் ஐயா" என்று சொல்லிப் பதிலை அழிக்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார்.

"வேண்டாம். கனடாவிலை அவன் என்ன செய்யிறான் எண்டதை இன்னொருக்கா வாசியும்."

எந்தக் குரலில் வாசிப்பது என்று தெரியாமல் வாசித்தேன். முடிக்குமுன் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் செய்தது உதவிதானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.