சக்கரத்தில் தடவிய எண்ணெய்

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள், ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் நடந்தது இது.

என் கொழுந்தனார் கல்லூரியில் படித்தபோது ஆசையாக வாங்கிய கியர் சைக்கிள், மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அவர் காய்ச்சலில் இறந்துபோனார். "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டவர் என் மாமனார். அதன்பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று அந்த சைக்கிளை நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அன்றே பயந்தேன். ஆனால் மாமாவே அதைக் கீழே இறக்கிவிட்டார். இருவருமாக மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்தோம். தாம்பரத்தில் டயரும் பிரேக் கட்டைகளும் வாங்கி வந்து மாட்டினார். பின்னால் குழந்தை இருக்கை பொருத்தினார். வேலை செய்யச் செய்ய, அவர் வாயிலிருந்து பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து, "சக்கரம் எப்படி மின்னுது பாரும்மா" என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. மகளைப் பள்ளியில் சேர்க்கக் கிளம்பினேன். எங்கள் தெரு ஜி.எஸ்.டி. சாலையை நோக்கிச் சரிவாக இறங்கும். பாதியில் பிரேக்கைப் பிடித்தேன். நிற்கவில்லை. இரண்டையும் இறுக்கினேன். வேகம்தான் கூடியது. எதிரே பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தெருமுனையில் விற்காமல் கிடந்த வாழைக்கன்றுக் குவியலுக்குள் சைக்கிளைத் திருப்பி விழுந்தேன்.

அங்கே கன்று விற்கும் அக்கா ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டார். "இன்னாம்மா, பிரேக்கு கீதா இல்லியா? கொயந்தைய வச்சிகினு இப்டியா வருவ!" என்று திட்டிக்கொண்டே என் முழங்கை ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். மகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

சைக்கிளை நிமிர்த்தியபோது கையெல்லாம் பிசுபிசுத்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. பிரேக் கட்டை கவ்விப் பிடிக்கவேண்டிய ரிம் முழுக்க எண்ணெய். பூஜைக்குப் பளபளக்கட்டும் என்று மாமா தடவியிருக்கிறார்.

மண்ணில் சறுக்கிவிட்டது என்று மாமாவிடம் சொல்லிவிடலாமா? வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கும் துடைத்துவிட்டு எண்ணெய் தடவுவாரே!

"மாமா, ரிம்ல எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது" என்றேன், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

அவர் என் முழங்கையைப் பார்த்தார். பிறகு குழந்தையை. "இவளையுமாம்மா நான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த சைக்கிளைத் தொடவே இல்லை.

மகளைப் பின்னால் உட்கார வைத்துச் சரிவில் இறங்கும்போதெல்லாம் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. வீடு திரும்பி, பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவரைக் கடக்கும்போது மட்டும், வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.