ஆயுத பூஜைக்கு மறுநாள் ஓட்டிய முதல் ஜாப்

சந்தனம் குழைக்கிற வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அதோடு சேர்ந்து கூலண்ட் வாசனையும் வரும். மில்லிங் மெஷினில் கத்தி சூடேறாமல் இருக்க, எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி வெள்ளையாக ஊற்றிக்கொண்டே இருப்பார்களே, அதுதான். அம்மாவின் முந்தானையில் அந்த வாசனை துவைத்தாலும் போகாது. இதை எழுத வேண்டும் என்று பல வருடமாகப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். சாமி காரியத்தில் குற்றம் கண்டுபிடித்தவள் என்று பேர் வந்துவிடுமோ என்கிற பயம். இப்போது பெருமாள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அப்பா தவறிய பிறகு அம்மா காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெட்டி வந்த இரும்புத் துண்டுகளின் ஓரத்தில் கையைக் கிழிக்கிற மாதிரி நிற்கும் "பிசிறை" அரம் போட்டுத் தேய்க்கும் வேலை. மில்லிங் ஓட்டிய ஆள் திடீரென்று நின்றுவிட, பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்ட அம்மாவை முதலாளி அதில் நிறுத்தினார். அது பட்டறையில் பலருக்குப் பிடிக்கவில்லை.

லேத்துக்கும் மில்லிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "லேத்துல பொருளு சுத்தும், கத்தி சும்மா நிக்கும். மில்லிங்ல கத்தி சுத்தும், பொருளு மேசையோட நவுந்துகினு அதுங்கிட்ட போவும். பொருளு ஒழுங்கா உக்காந்துச்சுன்னா கத்தி ஒழுங்கா சீவும். உக்கார்றதுலதான் எல்லாம் கீது." அதனால்தானோ என்னவோ, வீட்டில் சொம்பை வைத்தாலும் தட்டை வைத்தாலும் முதலில் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் வைப்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லா மெஷினையும் கழுவித் துடைத்தார்கள். மேசை மேல் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கனமான "வைஸை"யும் கழற்றிவிட்டு, மேசை முழுக்க மஞ்சளும் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு வைத்தார் பலராமன் அண்ணன். பட்டறையில் மூத்த ஆள் அவர்தான், சாமி காரியம் எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். சந்தனக் கிண்ணம் எல்லார் கைக்கும் போயிற்று, அம்மா கைக்கு மட்டும் வரவில்லை. அம்மா எதுவும் நடக்காத மாதிரி பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஆளுக்கொரு முதல் ஜாப் ஓட்ட வேண்டும். பள்ளிக்கூடம் லீவு, வீட்டிலும் ஆள் இல்லை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். பலராமன் அண்ணன் காலையிலேயே வந்து வைஸை மாட்டி வைத்திருந்தார். அம்மா இரும்புக் கட்டையை இறுக்கி, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேல்பக்கத்தைச் சீவினாள். முதலாளி வெர்னியர் வைத்து அளந்தார். ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிசு. இன்னொரு கட்டை போட்டாள். அதுவும் அப்படியே சரிந்து வந்தது.

"இன்னாக்கா, மெஷினு கோணலா, கை கோணலா?" என்று பலராமன் அண்ணன் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "நல்ல நாளும் அதுவுமா மொத ஜாப்ப யார் கைல குடுக்கறதுன்னு ஒரு வெவஸ்த வேணாவா மொதலாளி?" என்றார்.

முதலாளி யாரையும் பார்க்காமல், "நீ நாளைலருந்து பழையபடி அரம் போடற பெஞ்சுக்கே போயிடும்மா," என்றார்.

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போறேன் மொதலாளி. போறதுக்கு முந்தி வைஸ ஒருவாட்டி தூக்கிப் பாத்துடறேன்," என்றாள்.

"நான் மாட்டுனத நீ அவுப்பியா?" என்றார் பலராமன் அண்ணன்.

"ஒரு கை புடிண்ணா, கனமா கீது."

போல்ட்டைக் கழற்றி இரண்டு பேருமாகத்தான் தூக்கினார்கள். அடியில், ஒரு ஓரமாக, முந்தின நாள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து தகடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மெல்லிய தகடுதான் அத்தனை கனமான வைஸை ஒரு பக்கமாகத் தூக்கி, கட்டையைச் சரித்து வைத்திருக்கிறது.

பலராமன் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "சாமிக்கு வெச்ச பொட்டு. அத போய் எப்பிடி அழிக்கறதுன்னுதான் வைஸ அது மேலயே வெச்சு மாட்டிட்டேன்," என்றார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, ஒரு கையும் நீளவில்லை.

"நவுருங்க," என்றாள் அம்மா. "பொட்டு அழிக்கறது எனக்குத் தெரியாத வேலயா?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. நகத்தால் சுரண்டி, ஒரு துகளும் கீழே சிந்தாமல் காகிதத்தில் வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். துணியால் துடைத்து, பிறகு வெறும் உள்ளங்கையால் மேசையைத் தடவிப் பார்த்தாள். வைஸை மாட்டிச் சீவிய அடுத்த கட்டை, இரண்டு முனையும் ஒரே அளவாக வந்தது. முதலாளி அளந்துவிட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். பெஞ்சுப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

அந்தச் சந்தனத் தூள் எங்கள் வீட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் இருந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அதில் ஒரு துளி குழைத்து என் நெற்றியில் வைப்பாள். "நான் எங்கடி அழிச்சேன், எடந்தான் மாத்துனேன்," என்பாள்.

அடுத்த வருஷ பூஜையில் பலராமன் அண்ணன் சந்தனக் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டி, "நீ வெய்யிக்கா," என்றார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே வெய்யிண்ணா. நெத்தியில வெய்யி, அடியில வேணாம்," என்று மெஷினின் தலையைக் காட்டினாள். ஊர் வழக்கத்துக்காக மறுத்தாளா, முந்தின வருஷத்துக்காக மறுத்தாளா என்று நான் கேட்டதில்லை. இனி கேட்கவும் முடியாது.

அம்மாவும் போய்விட்டாள், அந்த மெஷினும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. என் பிள்ளை கும்மிடிப்பூண்டியில் ஓட்டுவது கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் மெஷின். பூஜைக்குப் பொட்டைக் கண்ணாடி மேல் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் விளக்கை வைக்குமுன் நான் இடத்தைக் கையால் தடவினால், "இன்னாமா தேடற?" என்கிறான்.

எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது இந்தக் கதையை, அம்மா கனவில் பெருமாள் கோயில் தாயார் வந்து சந்தனம் இருக்கிற இடத்தைக் காட்டினதாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கனவு எதுவும் வரவில்லை. படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அடியில் சந்தனம் இருந்தது, எல்லாரும் நின்றார்கள், என் அம்மா துடைத்தாள். அவ்வளவு சொன்னால் போதும்.