கட்டிலுக்கடியில் நாற்பது எனாமல் போர்டுகள்

கல்யாணமாகி நான் பீளமேட்டு லைன் வீட்டுக்கு வந்தபோது, அங்கே பாத்திர பண்டத்தைவிடக் கட்டிலுக்கடியில் கிடந்த தகடுகள்தான் அதிகம். என் வீட்டுக்காரர் ஒரு தேயிலைக் கம்பெனியில் விற்பனை ஆள். பஸ் போகிற ஊருக்குப் பஸ்ஸிலும் மற்ற ஊர்களுக்குச் சைக்கிளிலும் போவார். கடைகளுக்குத் தேயிலைப் பொட்டலம் கொடுத்துவிட்டு, கடைச் சுவரில் கம்பெனியின் எனாமல் போர்டை அடித்துவிட்டு வர வேண்டும். நல்ல கனமான இரும்புத் தகடு, மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் நீலம், அதில் வெள்ளை எழுத்து, ஒரு கோப்பை, சாசர்.

கம்பெனி பொட்டலத்தின் நிறத்தை மாற்றியபோது பழைய போர்டுகளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டச் சொன்னார்கள். கழற்றியதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மற்ற விற்பனை ஆட்கள் அதையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். இவர் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் மற்ற கம்பெனிகளின் போர்டுகளையும் கடைக்காரர்களிடம் கேட்டு வாங்க ஆரம்பித்தார். சோப்பு, சைக்கிள் டயர், அரிக்கேன் விளக்கு, தலைக்கு வைக்கும் எண்ணெய். சும்மா தராதவர்களுக்குத் தன் பயணப் படியிலிருந்து கொடுத்தார். வீடு கூட்டும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு என் காலைப் பதம் பார்க்கும்.

"இது எதுக்குங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொரை சொன்னாரு அம்மணி. அவங்க ஊர்ல இதத் தேடி வாங்கறவங்க இருக்காங்களாமா. பத்து வருசம் வெச்சிருந்தா நல்ல வெலைக்குப் போகுமாமா."

துரை என்றது குன்னூரிலிருந்த அவருடைய மேனேஜரை. வெள்ளைக்காரர். ஜீப்பில் வந்தவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைச் சுவரின் டயர் போர்டைப் பார்த்து நின்று அப்படிச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷமே அவர் கப்பலேறிவிட்டார். சொன்னது மட்டும் இவர் மனதில் தங்கிவிட்டது.

"அதுக்குப் பவுன் வாங்கி வெக்கலாமுங்க" என்றேன்.

"பவுன் எல்லாருந்தான் வாங்கறாங்க" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. அவர் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத மனுஷர், இது ஒன்றுதானே என்று பிறகு விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைமுன் ஏணி சறுக்கி விழுந்தார். தொடையெலும்பு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றார்கள். கம்பெனி இரண்டு மாதம் சம்பளம் அனுப்பியது. மூன்றாம் மாதம் அவர் ஊர்களுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. கைக்குழந்தையோடு நான் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"கட்டிலுக்கடியில இருக்கறத வித்துப்போடு அம்மணி" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் வாங்க யார் இருந்தார்கள்? துரையின் விலாசம்கூட எங்களிடம் இல்லை. மாதிரிக்கு ஐந்து போர்டுகளைச் சாக்கில் கட்டி, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு போர்டை எடுத்துப் புரட்டினார். விரல் நகத்தால் தட்டினார். எடைத் தட்டில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பச் சாக்கின் மேலேயே வைத்தார்.

"எடைக்கு இத எங்கிட்டப் போடாதம்மா. உருக்கறதுக்கு இந்தப் பூச்சு ஆகாது. வெட்டுனாக் கண்ணாடி மாதிரி தெறிக்கும். நாஞ் சொல்ற வெல உனக்குப் பஸ்ஸுக்குக் காணாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். அவர் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார்.

"புதுத் தகடு வேணும்னா இப்பக் கவர்மெண்டு பர்மிட் வேணும். பர்மிட்டுக்கு நாயா அலையறாங்க. முழுசா, துருப்பிடிக்காத தகடு உங்கிட்ட இருக்கு. அத எதுக்கு ஒடைக்கக் குடுக்கறே? சோமனூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு தறிக்காரரு மூணு மாசமாத் தகடு கேட்டுட்டு இருக்காரு." ஒரு துண்டுச் சீட்டில் அவர் விலாசத்தையும் கேட்க வேண்டிய விலையையும் எழுதிக் கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது.

மறுநாள் சோமனூர் போனேன். தறிக்காரர் தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டுப் புதிதாக விசைத்தறி போட்டவர். தறிக் குடோனுக்குள் ஒரே மோட்டாரில் நீளமான ஷாப்ட் ஓட, அதிலிருந்து தறிக்குத் தறி பெல்ட் இறங்கியது. தறிகளுக்கு நடுவே பெண்கள் நடமாடினார்கள். மூன்று மாதம் முன்பு ஒரு பெண்ணின் முந்தானை பெல்ட்டில் சிக்கிவிட்டதாம். யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியதால் தோளில் காயத்தோடு போயிற்று. அதிலிருந்து பெல்ட்டுகளுக்கு மறைப்புப் போட அவர் தகடு தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தன இருக்குதுங்க?" என்றார்.

"நாப்பதுங்க."

"முப்பத்தாறு போதுமுங்க. வண்டி அனுப்பறேன்." பாய் சீட்டில் எழுதியிருந்த விலைக்கு மேலேயே கொடுத்தார். கிளம்பும்போது, "வீட்டுல சும்மாதான் இருக்கறீங்களா? தார்க் குச்சியில நூல் சுத்தற வேலைக்கு ஆள் பத்தலீங்க" என்றார்.

அந்த வாரமே சேர்ந்தேன். சோமனூரிலேயே குடோனுக்குப் பின்னால் ஒரு வீடு கொடுத்தார்கள். தறிக்குத் தறி எனாமல் போர்டுகளை ஓட்டை போட்டு மறைப்பாக மாட்டியிருந்தார்கள். நான் நூல் சுற்றிய இடத்துக்கு எதிரே ஒரு தேயிலை போர்டு, அதற்கடுத்து சோப்பு. வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரருக்கும் அங்கேயே துணி மடித்துக் கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் உள்ளே வந்தவர் ஒவ்வொரு போர்டாகப் பார்த்துக்கொண்டே போனார். எந்தப் போர்டு எந்த ஊர், எந்தக் கடைச் சுவர் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். துக்கப்படுவார் என்று பயந்திருந்தேன். அப்படியில்லை.

பாய்க்கு நன்றி சொல்ல ஒரு சீப்பு நேந்திரம் வாங்கிக்கொண்டு உக்கடம் போனேன். லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். "கால் சேந்துருச்சா? சந்தோசம்மா" என்று பழத்தை வாங்கிக் கூலியாட்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மிச்சமிருந்த நான்கு போர்டுகளை ரொம்ப வருஷம் கழித்து ஒரு பழம்பொருள் வியாபாரி தேடி வந்து பார்த்தார். அதற்குள் இரண்டு துருவேறிவிட்டன, ஒன்றில் எனாமல் உதிர்ந்திருந்தது. அதற்கெல்லாம் விலை கிடையாது என்றார். எண்ணெய் போர்டு ஒன்றை மட்டும் வாங்கினார். அந்தப் பணத்தையும், அதே காலத்தில் பவுன் ஏறிய ஏற்றத்தையும் நினைத்துப் பார்த்தால், நான் சொன்னதுதான் சரி. இப்போது யாராவது பழைய போர்டு வாங்கி வைக்கலாமா என்று கேட்டால், பிடித்திருந்தால் வாங்குங்கள், நாளைய சோற்றுக்கு அதை நம்பாதீர்கள், நமக்குத் தேவைப்படுகிற நாளில் வாங்குகிறவன் வரமாட்டான் என்றுதான் சொல்வேன்.

மற்ற முப்பத்தாறும் எங்கே என்று வியாபாரி கேட்டார். சொன்னேன். "ஓட்டை போட்டுட்டாங்களா, எல்லாம் வீணாப் போச்சுங்களே" என்று வருத்தப்பட்டார். என் காலத்தில் பன்னிரண்டு பெண்கள் அந்தக் குடோனில் வேலை செய்தோம். ஒருத்தியின் முந்தானையும் பெல்ட்டில் சிக்கவில்லை.